வழி தவறாத வெப்சைட்

போன வாரப் பௌர்ணமியில் நாங்கள் ஜெயித்துவிட்டோம்!

எதில் என்கிறீர்களா? சொல்கிறேன்.

கிரிவலத்தில் யாராவது தொலைந்துபோனால் போட்டோவுடன் பதிவு செய்ய, எங்கள் தன்னார்வக் குழு ஒரு வெப்சைட் நடத்துகிறது. பாதையில் உள்ள எல்லா உதவி மையங்களிலும் அது உடனே தெரியும். அடி அண்ணாமலை மையம் என் பொறுப்பு. முந்தைய பௌர்ணமி மாலை, கூட்டம் நெரியும் நேரம் பார்த்து வெப்சைட் படுத்துவிட்டது. காது கேட்காத மனைவியைத் தேடி ஒரு சித்தூர்க்காரர் என் மேசை முன் இரண்டு மணி நேரம் தவித்தார். அந்த அம்மா உட்கார்ந்திருந்தது அடுத்த மையத்தில்!

வெப்சைட்டை உருவாக்கிய செந்தில் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கிளவுட்ல ஆட்டோமேட்டிக்கா போட்டிருக்கேங்க. கூட்டம் ஜாஸ்தியானா சர்வரும் ஜாஸ்தியாவும், கம்மியானா கம்மியாவும். டெஸ்ட்லாம் பண்ணிட்டேன்!"

எங்கள் தெரு நஸ்ரீன் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துபவர். அதிகம் பேசமாட்டார். செந்திலை அவரிடம் கூட்டிப்போனேன். "சர்வர் எப்ப கூடணும், எப்ப குறையணும்னு வச்சிருக்கிற விதிங்கள மட்டும் எழுதிக் குடுங்க தம்பி" என்றார்.

தாளில் வட்டங்கள் போட்டார். எத்தனை சர்வர் ஓடுகிறது, எத்தனை இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் – ஒவ்வொரு வட்டமும் ஒரு நிலை. அடுத்து என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு அம்புக்குறிகள். பிறகு அதை ஒரு மென்பொருளில் கொடுத்தார். ஒரு வழி விடாமல் எல்லா வழியிலும் நடந்து பார்க்குமாம் அது.

ஆறே படியில் தப்பு அகப்பட்டது!

கூட்டம் ஏறுகிறது. புது சர்வருக்கு உத்தரவு போகிறது. அது தயாராகும் முன்பே கூட்டம் சற்று ஓய்கிறது. 'இரண்டு எதற்கு?' என்று கணக்குப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வரை நிறுத்தி அனுப்பிவிடுகிறது விதி. மிச்சம்... இன்னும் கண் விழிக்காத ஒன்று. அந்த நேரம் பார்த்து மறுபடி கூட்டம்!

வெப்சைட் படுத்த அன்று சர்வரில் பதிவானவற்றைச் செந்தில் திறந்தார். அதே ஆறு படி. அதே வரிசை.

"டெஸ்ட்ல இது வரவே இல்லியேக்கா!"

"டெஸ்ட்ல நீங்க நினைச்ச மாதிரி கூட்டம் வந்துச்சு. நெசக் கூட்டம் அது இஷ்டத்துக்குத்தான வரும்?"

புதியது வேலையைத் தொடங்கும்வரை பழையதை அனுப்பக்கூடாது – ஒரே ஒரு விதி சேர்த்தார்கள். மறுபடி எல்லா வழியிலும் நடந்து பார்த்தது மென்பொருள். சர்வரே இல்லாத நிலைக்குப் போக ஒரு வழிகூட இல்லை.

"நம்பலாமா நஸ்ரீன்?" என்று கேட்டேன்.

"கணக்கு சரிக்கா. நான் எழுதினதும் நெசமும் ஒண்ணா இருக்கணும். அத பௌர்ணமிதான் சொல்லணும்."

பௌர்ணமி சொன்னது! கூட்டம் ஏறியது, ஓய்ந்தது, இன்னும் பலமாக ஏறியது. வெப்சைட் அசையவில்லை. அப்பாவைத் தொலைத்துவிட்டு அழுதபடி வந்த பெங்களூர்ப் பெண்ணுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்தது – ரமணாசிரமம் பக்கத்து மையத்தில் அப்பா பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மையத்துப் போனில் அப்பாவைத் திட்டிக்கொண்டே சிரித்தாள் அவள்.

'இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லை' என்பதையே நிரூபணமாக நம்பி எத்தனை காரியம் செய்கிறோம்! என்னவெல்லாம் ஆகலாம் என்று பொறுமையாக எழுதிப் பார்க்க நஸ்ரீன் மாதிரி ஒருவர் வேண்டியிருக்கிறது.

அன்று என் மையத்துக்கு வந்திருந்த அந்த அமைதியான நஸ்ரீன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள்... அறிவிப்பு மைக் ஆன் ஆகியிருந்ததை அப்புறம்தான் கவனித்தோம்!