அழித்தவர் பெயர்

எங்கள் நீர்ப்பாசன அலுவலகத்தின் சேர்வர் கணினி என் பொறுப்பில் இருந்தது. விடியற்காலையில் தானாகவே ஓடும் வேலை ஒன்று அதில் உண்டு. எந்த வயல் வட்டைக்கு இன்று வாய்க்கால் தண்ணீர் என்று விவசாயிகளின் கைபேசிக்கு அது செய்தி அனுப்பும். ஒப்பந்தத்தில் வந்திருந்த ஒரு பெண் அண்மையில் எழுதியது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த வேலையைக் காணவில்லை. அவள் திரும்ப எழுதி வைத்தாள். அடுத்த வெள்ளியும் காணவில்லை.

கிரானிலிருந்து விவசாயி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். “தண்ணி இண்டைக்கெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. நான் கலியாண வீட்ட போயிட்டன். எங்கட முறை போயிட்டு, சேர்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சேர்வரில் கைவைக்கக்கூடியவர்கள் நானும் அவளும்தான். நானோ அனுபவசாலி, ஆகவே அவள்தான். இதை முடிவுசெய்ய எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேலதிகாரியிடம் சொல்லியும்விட்டேன். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது. அதை நீட்டிக்கும் கடிதம் கையெழுத்தில்லாமல் அவர் மேசையிலேயே கிடந்தது.

“நான் அழிக்கல்ல, சேர். அழிச்சா மறுகா நான்தானே இருந்து எழுதணும்?” என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அப்போது தேவைப்பட்டது ஆதாரம்.

சத்தமில்லாமல் ஒரு கண்காணிப்பு வைத்தேன். யார் எந்த வேலையை அழித்தாலும் பெயரும் நேரமும் பதிவாகும். மூன்றாம் வெள்ளியும் வேலையைக் காணவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மேலதிகாரியையும் அவளையும் கூட்டி வைத்துக்கொண்டு பதிவைத் திறந்தேன்.

வியாழன் பின்னேரம். என் பெயர்.

வெள்ளிக்கு முதல்நாள் வீடு கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். அதே வழக்கத்தில் அலுவலகத்தில் நான் சேர்வரையும் கழுவிவிடுவேன். சோதனைக்காக எழுதி மறந்துபோனவற்றை எல்லாம் அழித்துவிடுவேன். அவள் தன் வேலைக்கு வைத்திருந்த பெயர் ‘சோதனை 2’. ஒழுங்காக ஓடுவதில் கைவைக்கப் பயந்து பெயரை அப்படியே விட்டிருக்கிறாள். அவள் வேலைக்கு என்ன பெயர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மேலதிகாரி கடிதத்தில் கையெழுத்திட்டார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, எதை அழிக்க முயன்றாலும் தடுக்கும் பூட்டு ஒன்றை எழுதினேன். அவள் சம்மதித்தால்தான் அது திறக்கும்.

அடுத்த வியாழன் அந்தப் பூட்டில் முதலில் மாட்டியவன் நான்தான். எழுந்து அவள் மேசைக்குப் போனேன்.

“என்னத்த அழிக்கப் போறீங்க, சேர்?”

பெயரைச் சொன்னேன்.

“உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாத்தீங்களா?”

பார்த்திருக்கவில்லை.