பல்லில் பிடித்த நூல்

தெருவில் எல்லோருக்கும் அவள் பார்லர் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகப் புருவம் திருத்துகிறவள். வெள்ளை நூலின் ஒரு முனையை முன்பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கை விரல்களிலும் முறுக்கிப் பிடித்து, நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் முகத்துக்கு மேலே குனிந்தாளென்றால், கண் மூடித் திறப்பதற்குள் வேண்டாத முடியெல்லாம் வேரோடு வந்துவிடும். வலித்ததா என்று கேட்டால், எப்போது செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்தக் கைக்கு ஒரு சனிக்கிழமை காலை சோதனை வந்தது. நாற்காலியில் இருந்தவர் பேங்க் மேடம். எட்டு வருஷமாக மாதம் ஒருமுறை வந்துபோகிறவர். இடது புருவம் முடிந்து எழுந்து கண்ணாடியைப் பார்த்தவர், நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டு பதறினார்.

"அக்கா, அறுத்துடுச்சா?"

பார்லர் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை. தோல் பளிங்குபோல இருந்தது. அப்புறம்தான் தன் கையிலிருந்த நூலைப் பார்த்தாள். பல்லில் பிடித்திருந்த முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நூல் இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது.

"மேடம், மன்னிச்சுக்கோங்க. அது… என் வாயிலேர்ந்து."

பேங்க் மேடம் சத்தம் போடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, போகாமல் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன். ஒரு பல் டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க. எங்க பேங்க் மாடியிலேயே ஒரு டாக்டரம்மா இருக்காங்க."

"ரொம்ப நாளான்னா? ரத்தம் இன்னிக்குத்தானே வந்துச்சு?"

மேடம் தரையைப் பார்த்தார். "ரத்தத்தைச் சொல்லலைக்கா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. வருகிறவர்கள் ஏன் இப்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார்கள், ஏன் குனியும்போது முகத்தை ஒரு விரற்கடை திருப்பிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. வலிக்கும் என்ற பயம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நாலு பேர் முன்னால் துணி அவிழ்ந்துபோனதைப் போலக் கூசிப்போனாள்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. சனிக்கிழமை அரைநாள்.

"என் வாய் நாறுதா?"

அவர் பேப்பரை நாலாக மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார்.

"ஆமா."

"எத்தனை நாளா?"

"வருஷக்கணக்கா."

"கட்டின புருஷன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பாப்பா சொன்னதுக்கு நீ என்ன ஆட்டம் ஆடினே? மூணு நாள் பட்டினி கிடந்தே. நான் சொல்லியிருந்தா வீட்டை விட்டே போயிருப்பே."

பாப்பா என்பது அவருடைய கடைசித் தங்கை. ஐம்பது வயசாகியும் வீட்டில் பாப்பாதான். பார்லர் அக்காவுக்கு நாத்தனார். பதினோரு வருஷமாக இருவருக்கும் கல்யாணம், காரியம் என்று பொது இடங்களில் 'சௌக்கியமா, சௌக்கியம்' என்பதோடு சரி.

திங்கட்கிழமை மாடிப்படி ஏறினாள். டாக்டரம்மாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. நுனியில் கோடு கோடாக அளவு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் ஆழம் பார்த்து, பக்கத்திலிருந்த நர்ஸிடம் எண்களைச் சொன்னாள். அஞ்சு, ஆறு, அஞ்சு, எட்டு. எண் ஏறினால் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பார்லர் அக்கா முழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ரெண்டு மூணு இருந்தா சரிங்கம்மா. அதுக்கு மேல போனா ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆயிடுச்சுன்னு அர்த்தம். அந்தப் பைக்குள்ள அழுக்கு கல்லா இறுகிக் காறை கட்டியிருக்கு. உங்க பிரஷ் அங்கே போகவே போகாது. தேய்க்கும்போது ரத்தம் வருமா?"

"எப்பவோ வந்துச்சு. அதனால அந்தப் பக்கம் தேய்க்கிறதையே குறைச்சுட்டேன்."

"எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க. விட்ட இடத்துலதான் அது குடித்தனம் பண்ணும்."

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பல்லைத் தாங்குகிற எலும்பு, ஆறு அரித்த கரையைப் போல இறங்கியிருந்தது. "இது நேத்து முந்தாநேத்து வந்ததில்லை. பத்துப் பன்னெண்டு வருஷக் கதை. அப்பவே வந்திருந்தா ஒரு நாள் வேலை. இப்போ வேர் வரைக்கும் சுத்தம் பண்ணணும். டீப் க்ளீனிங். வாயை நாலு பங்காப் பிரிச்சு, நாலு தடவை."

"க்ளீன் பண்ணா பல்லெல்லாம் ஆடிடும்னு சொல்வாங்களே?"

"ஏற்கெனவே ஆடுது. காறைதான் சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதை நம்பிக் குடியிருக்க முடியாதில்ல?"

முதல் தடவை பயத்திலேயே கழிந்தது. ஊசி போட்டதும் உதடு தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ரீங்காரம் இடுகிற கருவி ஒன்று. அப்புறம் கொக்கி நுனிக் கம்பி. அது வேரின்மேல் சுரண்டுகிற சத்தம் காதால் கேட்பதுபோல இல்லை, மண்டைக்குள்ளேயே யாரோ பாத்திரம் தேய்ப்பதுபோல இருந்தது.

இரண்டாம் தடவை பயம் போயிருந்தது. அன்றைக்குத்தான் கவனித்தாள். தான் சாய்ந்து படுத்திருக்கிறாள்; ஒரு முகம் தன் முகத்துக்கு மேலே குனிந்திருக்கிறது; சுண்டுவிரல் தாடையில் ஊன்றியிருக்கிறது. வேலை செய்கிற கை நடுங்காமலிருக்க அவளும் அப்படித்தான் சுண்டுவிரலை நெற்றியில் ஊன்றுவாள். அவளும் பாப்பாவும் சேர்ந்து கண்டுபிடித்தது அது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், டைப்ரைட்டிங் வகுப்புக்கு மேல்மாடியில் ஆறு வாரம் அழகுக்கலைப் பயிற்சி நடந்தது. அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். கீழே இருபது மெஷின்கள் தடதடக்க, மேலே இவர்கள் ஒருவர் கால்முடியில் இன்னொருவர் நூல் பழகினார்கள். ஆறு வாரம் முடிந்தபோது நான்கு கால்களும் மொழுமொழுவென்று, நெருப்பில் வாட்டியதுபோலச் சிவந்து கிடந்தன. மூடப்போன ஒரு சலூனிலிருந்து இரண்டு இரும்பு நாற்காலிகளை வாங்கி, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை அறையில் போட்டார்கள். 'லேடீஸ் ஒன்லி' என்று எழுதச் சொன்னதற்குப் போர்டு எழுதுகிறவர் 'லேடீஸ் ஒளி' என்று எழுதிவிட்டுப் போனார். பாப்பா சிரித்த சிரிப்பில் ஸ்டூலிலிருந்து விழுந்தாள். "மாத்தாதீங்க அண்ணி, இதுவே நல்லாயிருக்கு" என்றாள். அதுவே கடையின் பெயராயிற்று.

இருவர் வாயிலும் நூல் இருக்கும். பேச முடியாது. ஆனால் பேசாமல் இருந்ததாக ஞாபகமே இல்லை. ஒரு 'ம்' என்றால் இந்தம்மா போன மாசமும் வந்தாங்களே என்று அர்த்தம். 'ம்ம்ம்' என்று இழுத்தால் புருவத்தை ரொம்ப மெல்லிசாக்கிடாதே. 'உம்ஹூம்' என்று மூக்கால் வந்தால் இவங்க போனதும் ஒரு விஷயம் சொல்றேன். கண் மூடிப் படுத்திருப்பவர்களுக்கு மேலே நாள் முழுக்க ஊர்க்கதை ஓடும். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, பிளாஸ்க் மூடியில் மாற்றி மாற்றி டீ குடிப்பார்கள். பவுடர் வாசனையும் டீ வாசனையும் கலந்த அந்த அரைமணி நேரம்! உலகத்தில் வேறெதுவும் வேண்டாம் என்றிருக்கும்.

பிறகு ஒரு காலத்தில் வருகிறவர்கள் பாப்பாவின் நாற்காலிக்கே போக ஆரம்பித்தார்கள். இவளுடைய நாற்காலி காலியாக இருந்தாலும் 'பரவாயில்லை, இருக்கேன்' என்று பெஞ்சில் காத்திருப்பார்கள். இவளுக்கு உள்ளே புகைந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு மத்தியானம் பாப்பா டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. உங்க வாயில ஏதோ கோளாறு. டாக்டர்கிட்ட காட்டிடலாமா? நானும் கூட வர்றேன்" என்றாள்.

"உன் நாற்காலி நிறையணும்னு என் வாயைக் குறை சொல்றியா?" என்று கேட்டுவிட்டாள் இவள். அதற்கு மேலும் கேட்டாள். நினைத்துப் பார்க்கக்கூட விருப்பமில்லாத வார்த்தைகள். இரண்டு மாதத்தில் பாப்பாவின் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பாப்பா நாற்காலியைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

"வலிக்குதாம்மா?" என்று டாக்டரம்மா கருவியை நிறுத்திக் கேட்டாள். கண்ணோரம் வழிந்ததைப் பார்லர் அக்கா துடைத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

வெளியே வந்தவள் படிக்கட்டில் நின்றபடியே பாப்பாவுக்குப் போன் போட்டாள். வாய் மரத்திருக்கிறது என்பதே அவளுக்கு நினைவில்லை.

"ஃபாஃபா… நாங்… அங்ங்ணி…"

"அண்ணியா? என்ன அண்ணி, குரல் ஏன் இப்படிக் குழறுது?"

"நீ அங்ங்ஙிக்கி ஹொங்ஙது…"

"ஐயோ! அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. தூக்க முடியுதா?"

பாப்பா சொன்னதை மறுக்கத் தோன்றவில்லை. போன் இல்லாத கையை உயரத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் நின்றாள். கீழே போன ஒருவர், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கை தூக்கினார்.

"ஊஹி… ஊஹி ஃபோட்டாங்…"

"ஊசியா? ஆஸ்பத்திரிலயா இருக்கீங்க? அசையாதீங்க, நான் வர்றேன்!"

போன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டும் பாப்பா எடுக்கவில்லை.

மூன்று மணி நேரம் கழித்துக் கடைவாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பாப்பா இறங்கினாள். தலையில் வலது பாதி கருகருவென்று இருந்தது. இடது பாதி வெள்ளை. சாயம் பூசிக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. அப்படியே கிளம்பிவிட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் மீட்டர் பார்க்கப் போன இடத்தில் சிக்னல் கிடைக்காமல், பதற்றத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாததால் நேரே கடைக்கே, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள்.

பார்லர் அக்காவின் தாடையை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "வாய் நேராத்தானே இருக்கு! பக்கவாதம்னு நெனச்சுல்ல ஓடி வந்தேன்!"

"பல் டாக்டர்கிட்ட போனேன் பாப்பா. மரத்துப்போக ஊசி போட்டாங்க."

பாப்பா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இரண்டையும் செய்தாள்.

"நீ சொன்னப்பவே போயிருக்கணும்" என்றாள் பார்லர் அக்கா. "நீ நல்லதுக்குத்தான் சொன்னே. நான்தான்…"

"அதைச் சொல்ல நான் ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன், அண்ணி. எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் தப்பாவே வந்துச்சு. டீ குடுக்கும்போது சொன்னா கோபம் வராதுன்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

"டீயையும் கீழே கொட்டினேன்."

"புது பிளாஸ்க் மூடி. விளிம்பு உடைஞ்சுபோச்சு" என்றாள் பாப்பா. அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இவளுக்கும் தொற்றிக்கொண்டது. ஈறு வலிக்க வலிக்கச் சிரித்தாள். அப்புறம் எழுந்து, அவளைப் பழைய இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, துண்டைக் கழுத்தில் சுற்றி, மீதிப் பாதித் தலைக்குச் சாயம் கலக்க ஆரம்பித்தாள்.

பாப்பா இரண்டு வாரம் தங்கினாள். மூன்றாம், நான்காம் தடவைகளுக்குக் கூடவே மாடியேறி வந்தாள். இனிமேல் முன்பல்லில் நூல் பிடிக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆடிய கீழ்ப்பற்களுக்குப் பின்பக்கமாக மெல்லிய கம்பி வைத்து ஒட்டியிருந்தாள். பாப்பாவோ பல வருஷமாகவே தன் ஊரில் நூலைக் கழுத்தில் வளையமாக மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவள். அவள் வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ள, இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்முடியில் புதிதாகப் பழகினாள். காறை போன இடமெல்லாம் பல்லுக்கு நடுவே சந்து விழுந்து காற்று புகுந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை கூசியது. ஆனால் பேங்க் மேடம் அடுத்த மாதம் வந்து படுத்தபோது சாதாரணமாக மூச்சு விட்டார். அது போதுமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடி அளந்தாள். மூணு, ரெண்டு, மூணு, நாலு. ஓர் இடத்தில் மட்டும் அஞ்சு. அதைக் கவனித்துக்கொள்ளலாம் என்றாள். அன்றைக்கும் பாப்பா துணைக்கு வந்திருந்தாள். இப்போதெல்லாம் மாதம் ஒரு சனிக்கிழமை வந்துவிடுகிறாள்.

"நீங்களும் வந்து உட்காருங்கம்மா, ஒரு தடவை பார்த்துடலாம்" என்றாள் டாக்டரம்மா.

"எனக்கு எதுக்கு? நான் ரெண்டு வேளையும் தேய்க்கிறவ" என்று சொல்லிக்கொண்டே பாப்பா சாய்ந்து படுத்தாள்.

"மூணு… மூணு… ஆறு" என்று எண்கள் வர ஆரம்பித்தன. பாப்பாவின் கண்கள் அகல விரிந்தன. அளவுக் கம்பி வாய்க்குள் இருந்ததால் 'ம்ம்?' என்று மட்டும் கேட்டாள்.

"பேசாம படு" என்றாள் பார்லர் அக்கா, அவள் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு. "நாலு தடவைதான். நான் கூட வர்றேன்."