மொட்டைமாடிக் கொப்பரை

"இன்னும் அதுல இறங்கறீங்களாங்க? சலிச்சுப் போகலீங்களா?"

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மொட்டைமாடியில் இருக்கும் ஹாட் டப்பை, குமிழ் விடும் அந்த வெந்நீர்த் தொட்டியைத்தான் கேட்கிறார்கள். பனியன் யூனிட் முதலாளியின் பெண்டாட்டி பொழுது போகாமல் வாங்கிப் போட்ட பொம்மை என்று நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சலித்துப் போவதற்கு அது என்ன சினிமாவா? என் வலது கை மடங்குவதும் மடங்காததும் அந்தச் சூட்டுத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது.

எனக்குச் சரவாங்கி. காலையில் எழுந்தால் மூட்டெல்லாம் வீங்கி விரல்கள் விறைத்துக் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். தைத்த துணியில் தொங்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளும் வேலை. பிறகு நாங்களே சொந்தமாக யூனிட் போட்டோம். ஷிப்மென்ட் போகும் வாரத்தில் ஆள் பற்றாவிட்டால் அங்கேயும் நான்தான் கத்தரியோடு உட்காருவேன். அந்தக் கத்தரிதான் என் கையைத் தின்றது என்று நான் சொல்வேன். அதெல்லாம் இல்லை, இது உடம்பே உண்டாக்குகிற நோய் என்பார் டாக்டர். எதனால் வந்தால் என்ன? டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சோற்றைப் பிசைய முடியவில்லை. ஜாக்கெட் கொக்கியைப் போட முடியவில்லை.

கொக்கியை என் வீட்டுக்காரர்தான் மாட்டிவிடுவார். பெரிய விரல்கள் அவருக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டுவார். எனக்கு அழுகை முட்டும். அழக்கூடாது என்று, "சீக்கிரம் மாட்டுங்க, இதென்ன கல்யாண வேலையா?" என்று எரிந்து விழுவேன். அந்தக் காலை நேரத்தை நான் வெறுத்ததுபோல் வேறு எதையும் வெறுத்ததில்லை.

வெந்நீரில் வைத்தால் கை கொஞ்சம் இளகும். அதைக் கவனித்துவிட்டுத்தான் இந்தத் தொட்டியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில், எங்களிடம் துணி வாங்கும் ஒரு பையர் வீட்டில் பார்த்தாராம். கிரேன் வைத்து மாடிக்கு ஏற்றினார்கள். தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. முதல் நாள் காலை கழுத்துவரை சூட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கடைசியில் முஷ்டியே பிடித்துவிட்டேன்.

"ஏனுங்க! இங்க வந்து பாருங்க!" என்று கத்தினேன். ஓடி வந்தார். குத்தப் போவதுபோல் கையைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தார், பிறகு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு ஜாக்கெட் கொக்கி எல்லாவற்றையும் நானே போட்டேன்.

அந்தக் கோடை முழுக்க வீடு திருவிழாதான். ஊத்துக்குளியிலிருந்து அவருடைய அக்கா வந்தார். "ஏங்கண்ணு, வெல்லம் காச்சற கொப்பரையாட்டம் இருக்குது. உள்ள உக்காந்தா மனுசன் வெந்து போக மாட்டானா?" என்று கேட்டுவிட்டு இறங்கியவர், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட ஏறவில்லை. அன்றிலிருந்து அதற்குக் கொப்பரை என்றே பெயர். சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் யூனிட்டில் ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். சிவப்பு டி-ஷர்ட் ஒன்று சாயம் விட்டுத் தண்ணீரே ரோஸ் ஆகிவிட்டது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "நம்ம பீஸா இது? யாரு சாயம் போட்டது?" என்று புலம்பினார்.

அடுத்த கோடையில் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்குச் சலித்துவிட்டது, சரி. வேடிக்கைக்கு இறங்கினவர்களுக்குச் சலிக்கத்தான் செய்யும். எனக்கு அது வேடிக்கையில்லை.

எங்கள் ஊரில் குழாயில் நல்ல தண்ணீர் எப்போதாவதுதான் வரும். அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்ற எனக்கு மனசு வராது. போர் தண்ணீர்தான் நிரப்பினோம். ஒரே உப்பு. தொட்டி ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது, தோலும் சொரசொரத்தது. ஒரு நாள் இவர் என் முழங்கையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஹேண்ட் ஃபீல் சரியில்லையே அம்மிணி" என்றார். துணியைத் தொட்டால் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதற்கு யூனிட்டில் சொல்கிற வார்த்தை அது.

மறுநாள் பிராசஸிங்கிலிருந்து ஒரு கேன் சாஃப்ட்னர் வந்தது. பனியன் துணி மெத்தென்று வருவதற்காகச் சாயப்பட்டறையில் போடுவார்களே, அதேதான். வாழ்நாள் முழுக்கத் துணியோடு கிடந்த மனுஷனுக்கு வேறு என்ன தோன்றும்? தாராளமாக ஊற்றினார். இறங்கினால் பட்டு மாதிரிதான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. குமிழ் பொத்தானை அமுக்கினார், அவ்வளவுதான். நுரை பொங்கியது. கழுத்துக்கு வந்தது, தலைக்கு மேல் போனது, மாடியை நிரப்பி, மழைத்தண்ணீர்க் குழாய் வழியாகத் தெருவில் இறங்கியது.

கீழேயிருந்து சத்தம். "ஏனுங்க, சாயத் தண்ணிய ரோட்டுல தொறந்து உட்டுட்டீங்களா? நாங்கல்லாம் குடியிருக்கறதா வேண்டாமா?" சாயக்கழிவால் ஆறே நுரைத்து ஓடுகிற எங்கள் ஊரில் நுரையைப் பார்த்தால் வேறு எதையும் நினைக்கமாட்டார்கள். தெருவே திரண்டுவிட்டது. இவர் கேட்டில் நின்று, "இல்லீங்க, ஊட்டுக்காரி குளிக்கற தண்ணிங்க" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். அதை ஒருவரும் நம்பவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைசியாக அந்தத் தொட்டியில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாஃப்ட்னர் ஃபில்டரை அடைத்தது. ஹீட்டர் கருகியது. சாமான் கப்பலில் வரவேண்டும் என்றார் மெக்கானிக். காத்திருந்தோம். மார்கழிக் குளிர் வேறு. அண்டாவில் வெந்நீர் வைத்துக் கையை முக்கினேன். ஆறும், மறுபடி காய்ச்சுவேன், மறுபடி ஆறும். ஒவ்வொரு காலையும் விரல் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டே போனது. ஐயோ, என் கை போகிறதே என்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

சாமான் வந்தது, தண்ணீர் சுட்டது, நான் இறங்கினேன். விரல்கள் மடங்கவில்லை. நாள் போனால் சரியாகும் என்று இறங்கிக்கொண்டே இருந்தேன். மடங்கவேயில்லை. இவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "சூடு வலியைக் கொறைக்குங்க. மூட்டு கெடறத நிறுத்தாது. தொட்டி ஓடிட்டே இருந்திருந்தாலும் இது இப்படித்தான் ஆயிருக்கும்" என்றார்.

இதை இவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நம்பமாட்டார், தன்னுடைய சாஃப்ட்னர்தான் என் கையைக் கெடுத்தது என்றே முடிவு கட்டிவிட்டார். இன்னமும் விடிந்ததும் மாடிக்கு வந்து உப்பைச் சுரண்டுகிறார், ஃபில்டரைக் கழுவுகிறார், தொட்டி ஓரமாகக் குந்திக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். "மடங்குதா அம்மிணி?"

"குமிழைப் போடுங்க மொதல்ல" என்பேன். குமிழ் கொதிக்கும்போது தண்ணீருக்குள் கை தெரியாது. "மடங்குதுங்க" என்பேன். அவர் முகம் தெளிந்துவிடும். ஜாக்கெட்டை விட்டுவிட்டு நைட்டிக்கு மாறிவிட்டேன். காற்றோட்டமாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். வெளியூர் விசேஷத்துக்கெல்லாம் போவதில்லை. சலிக்கவில்லையா என்று கேட்கிறார்களே, இந்தப் பொய்க்காகத் தினமும் வேகிறேன், அதுதான் சந்தோஷம்.

போன வாரம் ஒரு காலை. வழக்கம்போல "மடங்குதுங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. குமிழ் ஒவ்வொன்றாக உடைந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. என் வலது கை அடியில் கிடந்தது, கோணிய விரல்களோடு, விரிந்தபடியே. மறைக்க நினைத்தேன், எங்கே மறைப்பது?

அவர் பார்த்தார்.

"கீழ போய் என் ஜாக்கெட் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இனிமே கொக்கிய நீங்கதான் மாட்டோணும்" என்றேன். எரிந்து விழாமல்தான் சொன்னேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. அணைந்து கிடந்த, சூடு காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டு, "கரண்ட் வரட்டும். ரெண்டே ரெண்டு டிகிரி ஏத்தி வெச்சுப் பாக்கறேன், அம்மிணி" என்று கெஞ்சினார்.