அக்கரை பார்க்கும் துளை

பென்னாகரம் தாண்டி ஆற்றோரத்தில் பஸ் பழுதாகி நிற்கிறது. டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். நான் கரைமேட்டில் தெரியும் வட்டமான காவல் கோபுரத்துக்கு நடக்கிறேன்.

மைசூர்க் குதிரைப்படை காவிரியைத் தாண்டாமலிருக்க யாரோ ஒரு பாளையக்காரன் கட்டியதாம். இந்த 1962-லும் அக்கரை மைசூர் ராஜ்யம்தான். தரையில் வாசல் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு திறப்பு. காவலர்கள் ஏறியதும் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம். இன்று ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருக்கிறது.

ஏறிப் பார்த்தால், ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி துப்பாக்கித் துளையில் கண்ணை வைத்து நிற்கிறாள். சுவர் ஒரு கை நீளம் கனம்.

"என்னம்மா தெரியுது?"

அவள் திரும்பவில்லை. "அக்கரையில மக வூடுங்க. மாசமா இருக்கறா. தண்ணி பெருகிப் பரிசல் ஓடலீங்க. நல்லா இருந்தா காலையில பச்சத்தழை போட்டுப் பொகை காட்டறேன்னா. கீழ நின்னா அவ வூட்டுப் பக்கத்த மரம் மறைக்குதுங்க."

"இன்னிக்கு?"

"இன்னும் காணோங்க."

நானும் பார்க்கிறேன். செந்நீர், பாறை, காடு. வெயில் ஏறிவிட்டது.

அவள் சுள்ளியை மூட்டி, மேலே வேப்பந்தழையைப் போடுகிறாள். "அவ பாக்கறாளோ என்னவோ. நான் இருக்கறதாச்சும் தெரியட்டுங்க."

கண் கரிக்க நான் இறங்கிவிடுகிறேன். அவள் இறங்கவில்லை.

பஸ் ஹாரன் அடிக்கிறது. ஏறும்முன் திரும்பிப் பார்க்கிறேன். துப்பாக்கித் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் புகை கிளம்பி அக்கரைக்குப் போகிறது. அங்கே காடு மட்டும் நிற்கிறது.