சாப்பிட்ட பிறகு தந்தி

போன வாரம் என் அண்ணன் மகன் சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து வீடியோ காலில் வந்தான். திண்டிவனத்துப் பையன், சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. ஊரைச் சுற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன். "எங்க சுத்தறது அத்தை, எறங்கவே இல்ல. சரக்கை எறக்கினதும் கெளம்பிக்கினே இருக்க வேண்டிதான்" என்றான். பேச்சோடு பேச்சாக, தான் உட்கார்ந்திருந்த அறையைக் காட்டினான். மூலையில் ஒரு கேரம் போர்டு சுவரோடு சாய்ந்து கிடந்தது. ஆட ஆளில்லையாம். ஆளுக்கொரு போன் இருக்கும்போது எதற்குக் கேரம்?

கேரம் ஆடும்போது போடும் போரிக் பவுடருக்கு வாசனை கிடையாது என்பார்கள். ஆனால் விழுப்புரத்தில் என் வீட்டு ஹாலில் அன்றைக்கு அது மணந்தது. எங்கள் கிளப்பில் அது தீர்ந்துபோனால் என் கைப்பையிலிருந்த முகப் பவுடரைத்தான் போர்டில் தூவுவோம். அந்த வாசனையாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் கிளப் என்றால் சீட்டாட்டக் கிளப் என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரிக் கடற்கரை ஓரம் மாலுமிகளுக்கென்று இருந்த கிளப். அங்கே கப்பல் கரைக்கு வராது, தொலைவில் நிற்கும். ஆட்களை லாஞ்சு என்ற மோட்டார் படகில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள். கிளப்பை ஆரம்பித்தது யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரத் துரை என்பார் ஒருவர், எண்ணெய் வியாபாரி என்பார் இன்னொருவர். நான் சேர்ந்தபோது ஒரு கமிட்டி நடத்திக்கொண்டிருந்தது. வானூரிலிருந்து டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டுப் போனவள் நான். என் இங்கிலீஷ் முழுவதும் 'யெஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கம். கிரேக்க மாலுமி ஒருவர் எதையோ கேட்க, நான் யெஸ் சொல்ல, ஒரு மணி நேரம் அவர் வாசலில் நாயைத் தேடியிருக்கிறார். கேட்டது என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாலுமிகள் இரண்டு மாதப் பழைய செய்தித்தாளை அன்றைய தாளைப் போலப் படிப்பார்கள். வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பொட்டலம் பொட்டலமாகத் தின்பார்கள். 'மல்லாட்டை' என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு போன போலந்துக்காரர் ஒருவர், அடுத்த முறை வந்தபோது என்னையே அந்தப் பெயரால் கூப்பிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, அவர்கள் வந்தது கடிதத்துக்காக. கிளப் முகவரிக்கு வரும் கடிதங்களையும் தந்திகளையும் வாங்கிப் பூட்டி வைப்பது என் வேலை.

அதில்தான் காதர் பாய் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. கோட்டக்குப்பத்துக்காரர், இருபது வருஷம் கப்பலில் சமைத்துவிட்டு வந்து எங்கள் கேன்டீனைப் பார்த்துக்கொண்டவர். முதலில் சாப்பாடு, பிறகுதான் கடிதம். கெட்ட சேதி வந்தவன் சாப்பிட மாட்டான். ஊர் போய்ச் சேரவும் மாசக்கணக்காகும். ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தின்னட்டும் என்பார். கெட்ட சேதிக்காரனுக்கு மட்டும் தாமதித்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான் என்பதால் எல்லோருக்கும் அதே சட்டம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. உலகத்திலேயே இரக்கமுள்ள அலுவலகம் எங்களுடையதுதான் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

ஆரோக்கியம் என்ற மாலுமிக்கு ஒரு நாள் காலையில் தந்தி வந்தது. விழுப்புரம் பக்கம் கெடார் ஊர்க்காரர். இந்தியக் கப்பல் ஒன்றில் வேலை. அதற்கு முன் இரண்டு முறை கிளப்புக்கு வந்திருக்கிறார். தந்தி கொண்டுவந்தவர், "விழுப்புரத்துலருந்தும்மா. சேதி நல்லா இல்ல" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். பாயிடம் போய்ச் சொன்னேன். "சாப்ட்டுப் போவட்டும்மா. வெறும் வயித்தோட எப்படித் தாங்குவான்?" என்றார். நானும் சரி என்றேன்.

பதினோரு மணிக்கு லாஞ்சு வந்தது. சாப்பாடு ஒரு மணிக்கு. நடுவில் ஆரோக்கியம் என்னோடு கேரம் ஆடினார். மேசை டிராயரில் தந்தியை வைத்துக்கொண்டு, அவர் மனம் குளிரட்டும் என்று வேண்டுமென்றே தோற்றேன். ரெண்டு மாதத்தில் லீவு கிடைக்கும், அம்மாவைப் பார்க்கப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீன் குழம்பு அன்று பிரமாதம். இரண்டாம் முறை சோற்றை நானே போட்டேன்.

கை கழுவி வந்தவரிடம் தந்தியைக் கொடுத்தேன். அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படவும் என்று இருந்தது. தந்தியில் வந்து சேர்ந்த நேரம் போட்டிருக்கும். அதைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கடல் கடந்து வீடிருப்பவர்களுக்காகப் போட்ட சட்டத்தை, பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரத்தில் வீடு சேரக்கூடிய ஒருவருக்குப் போட்டிருந்தோம். வானூர்க்காரிக்குக் கெடார் எங்கே இருக்கிறது என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பூட்டி வைத்திருந்தேன்.

"சாப்பாடு நல்லா இருந்துதுங்க. வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விழுப்புரத்தில் கெடார் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததைப் பிடித்து அவர் வீடு சேர்வதற்குள் அம்மா போய்விட்டார். நாலாம் நாள் கப்பலுக்குத் திரும்பும்போது கிளப்புக்குள் வரவில்லை. லாஞ்சுக்குக் காத்திருந்தவரிடம் பாய்தான் ஓடிப் போய்ப் பேசினார். "அம்மா மூணு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்துச்சாம் பாய்" என்றாராம். திட்டியிருந்தால் தேவலை என்றார் பாய்.

அன்றோடு சட்டம் மாறியது. லாஞ்சு வரும்போதே கடிதக் கட்டோடு நான் படகுத்துறையில் நிற்பேன். ஆனால் கப்பல்கள் குறைந்துகொண்டே வந்தன. மூன்று வருஷத்தில் கிளப்பைப் பூட்டினார்கள். அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. பாய் காலமாகிப் பல வருஷமாகிறது. தந்தியும் ஒழிந்துபோனது.

கல்யாணமாகி விழுப்புரத்துக்கே வந்து சேர்ந்தேன். கெடாருக்கு அரை மணி நேரம்தான். போக முப்பது வருஷம் ஆயிற்று எனக்கு. விசாரித்துப் போனபோது ஆரோக்கியம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் இறந்துவிட்டிருந்தார். அவருடைய தங்கை இருந்தார். கிளப்பில் வேலை பார்த்தவள் என்றதும் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். அண்ணன் கிளப் சாப்பாட்டைப் புகழாத நாளே கிடையாதாம். அம்மா சாவுக்கு ஏன் நேரத்தில் வர முடியவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

"அன்னிக்கு லாஞ்சு லேட்டுங்க. அண்ணன் சொல்லிச்சு. அந்தப் படகுக்காரன் மட்டும் ஜல்தியா கொண்ணாந்து வுட்டிருந்தா எங்கம்மா மூஞ்ச அண்ணன் பாத்திருக்கும். இன்னிக்கும் அவன நெனச்சா வயிறு எரியுது."

ஆமாம் என்று தலையாட்டினேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.