பூஜ்ஜியம் என்ற எண்ணில் உட்கார்ந்தவர்

உளவியல் துறையின் கணினி அறையில் உதவியாளராக இருந்தவரை எல்லோரும் 'ட்ரையல் அண்ணன்' என்றுதான் அழைத்தார்கள். காலையில் மாணவர்கள் ஆய்வுக்கு வருவதற்கு முன் அந்த ஆய்வை அவர் ஒருமுறை கணினியில் முழுக்க ஓட்டிப் பார்ப்பார். படம் சரியாக வருகிறதா, விசையை அழுத்தினால் பதிவாகிறதா என்று பார்ப்பதற்காக. அதே துறையின் அலுவலகத்தில் நான் பதிவுகளைக் கவனித்துவந்தேன். அவர் வீட்டில் நடந்தவற்றை அவரும் அவர் மனைவியும் தனித்தனியே சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டுமே இங்கே எழுதுகிறேன். அவர் மறைவுக்குப் பிறகு நடந்தது மட்டும் மனைவி சொன்னது.

ஆய்வு இதுதான். திரையில் முன்பின் தெரியாத ஒருவரின் முகம் வரும். அது மறைந்ததும் இன்னொரு படம். சில முகங்களுக்குப் பின்னால் பூ, கடல், நாய்க்குட்டி. சில முகங்களுக்குப் பின்னால் புழுத்த பழம், சீழ் வைத்த புண், அடைத்துக்கொண்ட சாக்கடை. இப்படிப் பலமுறை காட்டிவிட்டு, 'இந்த முகம் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கிறது?' என்று கேட்கும். அந்த முகத்துக்காரர் நமக்கு நல்லதும் செய்ததில்லை, கெட்டதும் செய்ததில்லை. ஆனாலும் சாக்கடையோடு வந்த முகம் ஆட்களுக்குப் பிடிக்காமல் போய்விடுகிறது. விருப்பும் வெறுப்பும் எப்படி உண்டாகின்றன என்பதைத்தான் எங்கள் துறைப் பேராசிரியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எந்த முகத்தோடு எந்தப் படம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பங்கேற்பவருக்குத் தரும் எண்ணை வைத்துக் கணினியே மாற்றிக்கொள்ளும். சோதனை ஓட்டத்துக்கு மட்டும் எப்போதும் எண் பூஜ்ஜியம். அதற்கு ஒரே வரிசைதான். அதனால் அண்ணனுக்குத் தினமும் அதே முகத்துக்குப் பின்னால் அதே சாக்கடை வந்தது. வருடக்கணக்கில் வந்தது. பூஜ்ஜியத்திலும் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துவந்து, "இவளைத்தாம்பா கட்டிக்கப் போறேன்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னாள். அண்ணன் தினமும் சாக்கடையோடு திரையில் பார்த்த முகம். இடது புருவத்துக்கு மேலே இருந்த சின்னத் தழும்பு வரைக்கும் அதே முகம். வேறு ஊரில் படித்தபோது, ஏதோ ஆய்வுக்கு என்று கேட்டவர்களுக்குத் தோழிகளோடு சேர்ந்து படம் கொடுத்ததை அவளே மறந்திருந்தாள். அண்ணன் மறுப்பதற்குக் காரணம் இல்லாததால் சரி என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு நால்வரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மருமகள் எதிரே உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. தண்ணீர் கொண்டுவந்தால், "அங்க வச்சிடும்மா" என்பார்; கையில் வாங்கமாட்டார். ஒரு முறை அவளுக்குக் கடுமையான காய்ச்சல். மகன் வேலையில், மனைவி வெளியூரில். உள்ளேயிருந்து "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள். அவர் கதவு வரை போய் நின்றுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துவந்தார்.

மனைவி சும்மா விடவில்லை. "ஏங்க, அந்தப் பொண்ணு என்ன உங்க சொத்தையா எழுதி வாங்கிட்டா? அவ வந்தாலே மூஞ்சி விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி ஆகுது."

"ஒண்ணுமில்ல, வயித்துக் கோளாறு."

"கல்யாணத்துலேர்ந்தா? நல்ல வயிறு. ஆள் பார்த்து வலிக்குது."

மருமகள் உண்டானபோது விஷயம் முற்றியது. "குழந்தை என் ஜாடையில பிறந்தா மாமா அதையும் இப்படித்தானே பார்ப்பாரு" என்று அவள் கணவனிடம் அழுதிருக்கிறாள். மகன் அப்பாவிடம் வந்து, "நாங்க தனியா வீடு பார்க்கறோம்பா" என்றான். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

அடுத்த நாள் அண்ணன் பேராசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். "காரணம் தெரிஞ்சா போயிடும்னு நினைச்சேன் மேடம். காரணம் நல்லாவே தெரியுது. போகமாட்டேங்குது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா."

"வேலைங்க மேடம். இதையெல்லாம் போய் எப்படிச் சொல்றது?"

பேராசிரியை குறிப்பேட்டை எடுத்தார். "காட்டாம விட்டா மட்டும் போகாது. அதே முகத்தை உங்களுக்குப் பிடிச்ச படங்களோட சேர்த்துக் காட்டிப் பார்க்கலாம். உறுதி சொல்லமாட்டேன். நாய்க்குட்டி போடட்டுமா?"

"எனக்கு நாயே ஆகாதுங்க."

கடைசியில் அண்ணனே படங்களைச் சொன்னார். கொடியில் காயும் வெள்ளை வேட்டிகள், மழை நின்ற தெரு, உரித்த ஆரஞ்சு, கைக்குழந்தையாக இருந்தபோது மகன் தூங்கிய படம். தினமும் வேலை தொடங்குமுன் அந்த முகத்தையும் அந்தப் படங்களையும் பார்த்தார்.

வேலை செய்தது. மருமகள் கொடுத்த தம்ளரைக் கையில் வாங்கினார். அவள் மருந்துக் கடையில் நடந்ததைச் சொன்னால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னங்க, மூஞ்சியில பல்பு எரியுது?" என்றாள் மனைவி.

"எரிஞ்சா எரியட்டும். கரண்ட் பில் நீயா கட்டற?"

மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். மகன் வீடு தேடுவதை நிறுத்தினான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை அவளே தெரிந்துகொண்டால் மனம் குளிர்வாள் என்று அவர் நினைத்தார். ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பூஜ்ஜியத்தில் ஆரம்பித்து ஆரஞ்சு வரை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

மருமகள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்போ நான் எந்தத் தப்பும் பண்ணலை."

"சத்தியமா இல்லம்மா."

"இத்தனை நாளா என்கிட்ட சிரிச்சுப் பேசுனீங்களே மாமா, அது?"

"மனசாரத்தாம்மா பேசுனேன்."

"அந்த மனசுல அதைப் போட்டதும் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிதானே?"

"நல்லதுக்குத்தானே பண்ணாரு" என்றான் மகன்.

"நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து துணி துவைச்சேன். தலைவலின்னா மாத்திரை எடுத்துக் குடுத்தேன். கோவிச்சுக்காம இருந்தேன். அதுல ஒண்ணுகூட மாமாவுக்குள்ள போகலை. நாலு படம் போயிடுச்சு." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அதை எடுத்துட முடியுமான்னு கேளுங்க மாமா. அப்புறம் என்னைத் திட்டுனாக்கூடப் பரவாயில்ல. நீங்க திட்டுறதா இருக்கும்."

அவர் போய்க் கேட்டார். "போட முடியுதுண்ணா. எடுக்கத் தெரியலை" என்றார் பேராசிரியை. அதற்குப் பிறகு அவர் அண்ணனைச் சோதனை ஓட்டத்துக்கு உட்காரவைக்கவில்லை. மற்றவர்களை முறைவைத்து உட்காரவைத்தார். எங்கள் துறையில் இந்த விஷயத்தில் நடந்தது அவ்வளவுதான்.

பேத்தி பிறப்பதற்கு முன்பே மகனும் மருமகளும் தனி வீட்டுக்குப் போனார்கள். சண்டை இல்லை. அண்ணன் விடுமுறை நாட்களில் போவார். மருமகள் நாற்காலி போடுவாள், சாப்பாடு போடுவாள், குழந்தையை மடியில் கொடுப்பாள். அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். "எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "அதுல சந்தேகமே இல்லை. அது அவகிட்டேர்ந்து வந்துச்சா, பொட்டியிலேர்ந்து வந்துச்சான்னுதான் தெரியலை."

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். எல்லாம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு, மருமகள் சமையலறையில் மாமியாரின் அருகே வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, மாமா என்னைப் பத்தி ஏதாவது பேசுவாரா?"

"பேசாம? வாசல்ல சத்தம் கேட்டா நீ வந்துட்டியான்னு என்னை எழுப்பிப் பார்க்கச் சொல்லுவாரு."

"முதல்லேர்ந்தே அப்படித்தானா? இல்ல, அந்தப் படமெல்லாம் பார்த்ததுக்கு அப்புறமா?"

மாமியார் பொய் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல நினைத்ததாகத்தான் என்னிடமும் சொன்னார். ஆனால் வாயில் வந்தது, "அப்புறம்தாம்மா."

மருமகள் தலையை ஆட்டினாள். கழுவ வேண்டிய பாத்திரங்களைத் தொட்டிக்குள் எடுத்துவைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.