படிக்காத நாவலுக்கு ஒரு முடிவு

இந்த ஆண்டு பரிசு பெற்ற நாவலைப் போன வாரம் இங்கே பதிவு போட்டுக் கிழித்துத் தொங்கவிட்டேன். உண்மையில் நான் அதைப் படிக்கவில்லை.

இன்று காலை கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பாதி தாண்டியிருந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்றேன்.

"கீழ வைக்க முடியலைங்க. நீங்க படிச்சிட்டீங்களா?"

தலையாட்டிவிட்டேன்.

"ஓடிப்போன தங்கச்சி கடைசில வீட்டுக்கு வந்துருவாளா? அதை மட்டும் சொல்லிருங்க. என் தங்கச்சியும் போயி ரெண்டு வருசமாச்சு."

"வந்துருவாங்க" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னால் உட்கார முடியவில்லை. என் ஸ்டாப்புக்கு முன்பே இறங்கிவிட்டேன்.

மதியத்திலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பரிசு சரியா தவறா என்று நாம் பிறகு அடித்துக்கொள்ளலாம். நாவலைப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அந்தத் தங்கச்சி வீட்டுக்கு வருகிறாளா?